ஒத்திவைத்த தண்டனைக்கு ரேட் இல்லை

அத்தியாயம் 9

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொன்ன மகராசன் கப்பல் டூர் போகாதவராகத்தான் இருக்கணும். போயிருந்தால் முக்கால் பணத்தோடு நிறுத்தியிருக்க மாட்டார்.

கோட்டைப்பட்டினம் ஜைனுதீன் வீட்டுக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த மகன் ரிஃபாய், "அத்தாவையும் அம்மாவையும் கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்" என்று சென்னையில் கிளம்பும் சுற்றுலாக் கப்பலில் நாலு டிக்கெட் போட்டான். நடுக்கடல் வரை போய், ரெண்டு நாள் சுற்றிவிட்டுத் திரும்புகிற டூர். "எல்லாம் சேர்த்து" என்று விளம்பரத்தில் இருந்தது. எதெது சேர்த்து என்று கேட்டவள் மருமகள் சாமியா ஒருத்திதான். பொன்னமராவதி ஜவுளிக்கடைக்காரர் மகள் இல்லையா, ஓசியில் பை கொடுத்தாலும் அந்தக் காசை எதில் ஏற்றியிருக்கிறான் என்று திருப்பிப் பார்க்கிற குடும்பம்.

கேட்டதும்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. துறைமுகக் கட்டணம் தனி. கப்பலில் வேலை பார்க்கிறவர்களுக்கு டிப்ஸ், ஆளுக்கு நாளைக்கு இவ்வளவு என்று கட்டாயம். கடல் தெரிகிற ரூம் என்றால் ஒரு ரேட், வெறும் சுவர் தெரிகிற ரூம் என்றால் ஒரு ரேட். வைஃபை, இன்சூரன்ஸ், சென்னை போக வர ரயில், முதல் நாள் தங்க மண்ணடியில் ரூம்... ஒரு லட்சத்து இருபதில் ஆரம்பித்தது ஒரு லட்சத்து எண்பதைத் தொட்டபோது, ரிஃபாய் சாமியாவின் நோட்டைப் பிடுங்கி மூடிவைத்தான். போன வாரம் அத்தோடு விட்டோம்.

மூடிய நோட்டை அவள் மறுநாளே திறந்துவிட்டாள். ஏஜென்ட் ஆபீஸில் போன் எடுக்கிற இசைவாணி என்ற பெண் ஒரு யோசனை சொன்னாள்.

"ரெண்டு நாள் டூருக்கே இவ்ளோ எக்ஸ்ட்ரா வருதுல்ல மேடம்? ஆளுக்கு இன்னும் எட்டாயிரம் போடுங்க, அஞ்சு நாள் டூருக்கு மாத்தி விட்டுர்றேன். துறைமுகக் கட்டணம், டிப்ஸ் எல்லாம் அதுக்குள்ளயே வந்துரும்."

சாமியா கூட்டிக் கழித்துப் பார்த்தாள். லாபமாகத்தான் இருந்தது. ரிஃபாயிடம் மட்டும் சொல்லிவிட்டு மாற்றினாள். மாமாவுக்கும் மாமிக்கும் வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் உட்காரும்போது சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று வைத்துக்கொண்டாள்.

அந்த லாபம்தான் இந்த வெள்ளிக்கிழமையை நாசம் பண்ணியது.

காலை பத்து மணி. பயணிகள் படிவம் பகல் பன்னிரண்டுக்குள் போய்ச் சேரணும். சாமியா போனில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தாள். எதிரே மாமியார் ரசியா பேகம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, பதினோராவது கேள்வி. எந்த நாட்டுலயாவது கோர்ட்ல தண்டனை வாங்கியிருக்கீங்களான்னு கேக்குது. மாமாவுக்கு என்ன போட?"

"அல்லாவே! கப்பல்ல ஏத்துறதுக்கு இதெல்லாமா கேப்பான்? அந்த மனுசன் போலீஸ் ஸ்டேஷன் வாசப்படிய மிதிச்சதில்ல. இல்லைன்னு போடு."

ரசியா பொய் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஜைனுதீனை இலங்கை நேவி புடிச்சிட்டுப் போனது ஊருக்கே தெரியும். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருத்தர் அப்படிப் போய்வந்தவர்தான். ஆனால் இந்த ஊரில் அதற்குப் பேர் 'புடிச்சிட்டுப் போனது'. அப்புறம் 'விட்டுட்டாங்க'. அவ்வளவுதான். கேஸ், தண்டனை என்றெல்லாம் ஒருத்தரும் சொல்வதில்லை. அதெல்லாம் திருடினவனுக்கும் வெட்டினவனுக்கும் உள்ள வார்த்தை. ரெண்டு வருஷம் முன்பு மருமகளாக வந்த சாமியாவுக்கும் அந்தப் பேச்சே பழகிப்போயிருந்தது.

'இல்லை' என்று போட்டாள். போட்டுகள் கட்டுகிற ஜெட்டிப் பக்கம் கயிறும் டீசல் கேனும் விற்கிற கடையில் இருந்த மாமனாருக்குப் போன் அடித்தாள்.

"மாமா, ஒங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்துருக்கும், சொல்லுங்க."

"இரும்மா, கண்ணாடியப் போட்டுக்கிறேன்... நாலு, ஏழு, ரெண்டு..."

ஆறு எண்ணையும் அவரே வாயால் சொன்னார்.

ஜும்ஆ தொழுது வந்து நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறும் தாளிச்சாவும். சாமியாவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மாமா, டூர மாத்திட்டேன். அஞ்சு நாளு! கப்பல்ல இருந்து எறங்கி ஊரு பாக்குறதுக்கு மட்டும் ஆளுக்கு மூவாயிரத்தி ஐநூறு தனி. ஒரு ஊர்ல எறங்குவோமா, ரெண்டு ஊர்லயுமா?"

"எந்த ஊரும்மா?"

"திருகோணமலை. அப்பறம் காங்கேசன்துறை."

ஜைனுதீன் கை அப்படியே நின்றது. ஐம்பத்தெட்டு வயது, அதில் முப்பது வருஷம் விசைப்படகில் போன ஆள். காங்கேசன்துறை வெளிச்சத்தை எத்தனையோ தடவை தூரத்தில் பார்த்திருக்கிறார். கிட்டத்தில் பார்த்தது நேவி இழுத்துப்போன அந்த ஒரு தடவைதான்.

"படிவத்துல என்னம்மா கேட்டான்?"

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து பதினொன்றில் நின்றாள். மாமனார் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இல்லைன்னு... போட்டுட்டேன் மாமா."

"யா அல்லாஹ்," என்றார் ஜைனுதீன். தட்டைத் தள்ளிவைத்தார்.

"இப்ப என்ன ஆகிப்போச்சு?" ரசியாவுக்குக் கோபம் மூக்கு மேல் வந்தது. "மறுபடி மீன் புடிக்க வந்தா ஜெயிலுன்னுதானே சொன்னாங்க? நாம என்ன வலையா விடப்போறோம்? காசு கட்டி டிக்கெட் எடுத்து மகராசியாப் போறோம்!"

"தண்டனைன்னு சொன்னாங்க ரசியா. தண்டனைய ஒத்திவச்சிருக்காங்க."

"விட்டுட்டாங்கல்ல? விட்டா அது எப்படித் தண்டனை?"

ரிஃபாயும் அம்மா பக்கம் சாய்ந்தான். "ஒத்திவச்சதுன்னா கெடையாதுன்னுதானே அத்தா? எங்க ஸ்கூல்ல மழைக்குப் பரீட்சைய ஒத்திவைப்பாங்க, நாங்க குதிச்சுக்கிட்டு வீட்டுக்கு வருவோம்."

"அந்தப் பரீட்சைய அப்பறம் எழுதுனியா இல்லையா?"



"ஒங்களுக்கு எப்பவும் ஒரு சாக்கு," என்று ரசியா எழுந்துவிட்டார். "கடலுக்குப் போகச் சொன்னா முட்டி வலி. கடலப் பாக்க வான்னா கோர்ட்டு. எனக்கு எந்த நல்லதும் நடக்கக் கூடாது, அவ்வளவுதானே?"

அடுக்களைக்குள் பாத்திரம் உருண்டது. ஜைனுதீன் சட்டையை மாட்டிக்கொண்டு ஜெட்டிக்கு நடந்தார்.

திங்கள், புதன், சனி போட்டுகள் கடலுக்குப் போகிற நாள். நாளைக்குச் சனிக்கிழமை என்பதால் ஜெட்டியில் ஐஸ் உடைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ரியாசுதீன் தன் போட்டில் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். நேவி பிடித்த அந்தத் தடவை ஜைனுதீன் போன போட்டுக்கு டிரைவர் இவன்தான்; அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவன். ரெண்டு பேரும் ஒரே நாளில் பிடிபட்டு, ஒரே கூண்டில் நின்றவர்கள்.

"ரியாசு, அந்த ஜட்ஜம்மா சொன்னது ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லாம எங்க போகும்? நல்ல தமிழ்லதானே சொன்னுச்சு. ஒன்றரை வருசச் சிறைத்தண்டனை, பத்து வருசத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறதுன்னு. நீங்கதான் காக்கா, எதையோ ஒத்திவச்சிட்டாங்களாம், வாங்கடா போவோம்னீங்க. எல்லாரும் சிரிச்சோம்."

"மீன் புடிக்க வந்தாத்தானேடா அது?"

ரியாசுதீன் கேனைக் கீழே வைத்தான்.

"உதயசூரியன் எதுக்குக் காக்கா உள்ள இருக்கான்?"

உதயசூரியனும் அதே போட்டில் பிடிபட்டவன்தான். போன மாசி மாதம் ரெண்டாவது தடவை மாட்டி, இன்னும் வரவில்லை.

"ஆசைதான். இங்கிட்டு மீனில்லன்னு எல்லையத் தாண்டியிருப்பான்."

"ஊரே அப்படித்தான் சொல்லுது. அவன் பொஞ்சாதி அன்புச்செல்வியப் போயிப் பாத்தேன். இன்ஜின் நின்னுபோயி காத்துல மெதந்து போயிருக்கான். வலையத் தொட்டுப் பாருங்க, ஈரமே இல்லன்னு கத்தியிருக்கான். எதுக்கு வந்தேன்னு அவங்க கேக்கவே இல்ல காக்கா. பேரக் கேட்டாங்க. வெரல வைக்கச் சொன்னாங்க. மிசின்ல பழைய தீர்ப்பு வந்து நின்னுருச்சு. முடிஞ்சுபோச்சு, ஒன்றரை வருசம்."



"கப்பல்ல, டிக்கெட் எடுத்து, பாஸ்போர்ட்டோட போனா?"

"கப்பல்ல போனாலும் வெரல் அதேதானே காக்கா?"

"எறங்காம உள்ளயே இருந்துட்டா?"

"அது எனக்குத் தெரியாது. தெரியாத எடத்துக்கு ஒங்களப் போங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நானே இப்பெல்லாம் கரை கண்ணுக்குத் தெரியிற தூரத்துலதான் வலை விடுறேன். பாதி நாளு டீசல் காசுகூடத் தேறல. என்ன செய்ய?"

நாலு வருஷம் போயிருக்கிறது, இன்னும் ஆறு இருக்கிறது. ஜைனுதீன் திரும்பி நடந்தார். முட்டி உண்மையிலேயே வலித்தது.

அவர் வீட்டுக்கு வரும்போது மணி அஞ்சு. ரிஃபாய் கூடத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தான். அந்தப் பக்கம் இசைவாணி. பேர் ஊர் சொல்லாமல், "ஒருத்தருக்கு இப்படி ஒரு பிரச்சினை" என்று ஆரம்பித்திருந்தான். அவளுக்கா புரியாது?

"அவர் எறங்காம கப்பல்லயே இருந்துக்கலாமா?"

"எறங்கலைன்னாலும் எல்லார் பேரும் பாஸ்போர்ட்டும் துறைமுகத்துக்குப் போயிரும் சார்."

"அவர் பேர மட்டும் எடுத்துட்டா?"

"பணம் திரும்ப வராது. பேரு நீக்குறதுக்கு ஐயாயிரம். படிவத்துல தப்பா சொல்லியிருந்தா அதையும் திருத்தித் தரணும். நாலு பேரும் ஒரே குரூப்பு சார். ஒருத்தரோடத திருத்துனா நாலு பேரோடதையும் மறுபடி பாப்பாங்க. புதன்கிழமை ஆயிரும். பெர்மிஷன் வரும்னு நான் சொல்ல முடியாது."

"திருத்தலைன்னா?"

 இசைவாணி குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். "நான் எதுவும் கேக்கல சார். கம்முனு வந்தீங்கன்னா பெரும்பாலும் யாரும் பாக்க மாட்டாங்க. பாத்துட்டாங்கன்னா கம்பெனி பொறுப்பில்ல."

"அதுக்கு என்ன ரேட்?" என்றாள் சாமியா. பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"எதுக்கு மேடம்?"

"பாத்துட்டா... ஆகுற செலவுக்கு."

"அதுக்கு ரேட் எல்லாம் இல்ல மேடம்."

போனை வைத்ததும் சாமியா உடைந்து அழுதாள். "என்னாலதான். லாபம் லாபம்னு பாத்து நானே மாமாவக் கொண்டுபோயி..."

"நீ என்னம்மா செய்வ?" என்றார் ஜைனுதீன். "ஓடிபிய நான்தானே சொன்னேன். எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டனா?"

ரிஃபாய்க்கு மனசு ஆறவில்லை. கட்டின பணம் ஒரு பக்கம், ஷார்ஜா வெயிலில் ரெண்டு வருஷம் இதையே நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பக்கம். "பெரும்பாலும் யாரும் பாக்க மாட்டாங்களாம் அத்தா," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பெரும்பாலும்னா என்னடா?"

கேட்டது ரசியா. அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாரும் பார்க்கவில்லை.

"இல்லம்மா, நூத்துக்குத் தொண்ணூறு..."

"மிச்சம் பத்துல ஒன் அத்தா இருந்தா? நீ ஷார்ஜா போயிருவ. அவ ஒன்கூட வந்துருவா. ஒன்றரை வருசம் நான் யாரப் பாத்துக்கிட்டு உக்காந்துருப்பேன்?"

ஜைனுதீன் ஜெட்டியில் கேட்டதைச் சொன்னார். உதயசூரியன் வலையில் ஈரமில்லாமல் இருந்தது, அவங்க அதைத் தொட்டுக்கூடப் பார்க்காதது, மிஷினில் விரல் வைத்தது, எல்லாம். ரசியா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் புள்ள அன்புச்செல்விய நானே பேசியிருக்கேன்," என்றார். "ஒம் புருசனுக்கு என்னடி பேராசைன்னு, மீன் மார்க்கெட்ல வச்சு, நாலு பேரு முன்னால. அஸ்தஃபிருல்லா. அது பதிலே சொல்லல."

கொஞ்ச நேரம் அழுதார். யாரும் தடுக்கவில்லை.

"டூரே வேணாம்மா," என்றான் ரிஃபாய். "போனது போகட்டும். விட்டுருவோம்."

"யாரு வேணாம்னா?"

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"அவரு வரல. அது முடிஞ்சுபோச்சு. நான் போறேன்."

"ரசியா..."

"பேசாதீங்க. முப்பத்தி மூணு வருசமாச்சு இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து. பொம்பள ஏறுனா போட்டுக்கு ஆகாதுன்னு ஜெட்டியோட நிறுத்துனீங்க. சரின்னு நின்னேன். ஒங்களப் புடிச்சிட்டுப் போனப்ப நாப்பத்தேழு நாளு. ரோட்டுல மறியல் பண்ணுனோம், கலெக்டர் ஆபீஸ்ல மனுக் குடுத்தோம். சாயந்தரம் ஆனா வந்து அந்தத் தண்ணியப் பாத்துக்கிட்டு நிப்பேன். அதுக்கு அங்கிட்டு என்ன இருக்கு, ஒங்கள எங்க வச்சிருக்காங்க, சோறு போட்டாங்களா, ஒண்ணும் தெரியாது. வந்து என்ன சொன்னீங்க நீங்க? விட்டுட்டாங்கன்னு ஒரு வார்த்த. நான் அந்தக் கரையப் பாக்கணும். எறங்க விட்டா எறங்கிப் பாப்பேன். விடலைன்னா மேல நின்னு பாப்பேன்."

 அந்த நாற்பத்தேழு நாளையும் ஜைனுதீன் இவ்வளவு காலமும் தன்னுடைய நாட்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

"நீங்க இங்க நில்லுங்க," என்றார் ரசியா. "அஞ்சு நாளு. போன் போட்டா எடுக்காது. வருவாளா மாட்டாளான்னு தெரியாது. நின்னு பாருங்க, அப்பத் தெரியும்."

ஜைனுதீன் தலையை ஆட்டினார். பிறகு மருமகளிடம் திரும்பினார்.

"திருத்தும்மா. பதினொன்னுல ஆமான்னு போடு. என்ன தேதி, என்ன கோர்ட்டுன்னு நான் சொல்றேன். என் பேர எடுத்துரு."

"நாலு பேரோடதையும் மறுபடி பாப்பாங்களாம் மாமா."

"பாக்கட்டும். பொய் சொல்லி அனுப்பிட்டு இங்க என்னால நிக்க முடியாது."

சாமியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பீரோவிலிருந்து பாஸ்போர்ட் நாலையும் எடுத்து வந்து, அவருடையதைத் தனியே வைத்தாள். மாமியாருடையதைப் புரட்டினவள் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"மாமி..."

"என்ன?"

"இதுல கணவர் பேருன்னு ஒரு எடம் இருக்கு. மாமா பேருதான் போட்டுருக்கு. ஊரும் இதே ஊரு. மாமா பேர நாம எடுத்தாலும், ஒங்க பாஸ்போர்ட்ல அவங்க பாப்பாங்களே."

ரிஃபாய் எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். ஜைனுதீன் பார்க்கவில்லை. வெளியே மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ரசியா தலைத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மருமகள் கையிலிருந்து பாஸ்போர்ட்டை வாங்கினார்.

"பாத்தா பாக்கட்டும்டி. கேட்டா நானே சொல்றேன். ஆமா, எம் புருசன்தான். மீன் புடிக்க வந்தாரு, நீங்க அவரப் புடிச்சீங்க. இப்ப அவரு கரையில நிக்கிறாரு, நான் வந்துருக்கேன்னு."